விதியும் விதிமுறையும்

தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மனிதர் தமக்குள் கூடி வகுத்துக்கொண்ட ஒழுங்கும் விதியே; மனிதர் கைக்கு எட்டாதது என நம்பப்படும் ஊழும் விதியே. ஏழை நாடுகளின் வறுமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இவ்விரு பொருள்களுக்கும் இடையே ஊசலாடுகின்றனர். கடுவெப்பமும், கடற்கரையின்மையும், வளம் குன்றிய மண்ணும் அந்நாடுகளின் தலைவிதி என்பர் ஒருசாரார். சட்டம், ஆட்சி, சொத்துரிமை, நீதிமன்றம் என மனிதர் வகுத்த விதிமுறைகளின் கோணலே வறுமைக்கு வித்து என்பர் மறுசாரார்.

இரண்டாம் சாராரின் வாதத்தைப் பொதுவாசகரிடையே உலகெங்கும் கொண்டு சென்ற நூல், 'நாடுகள் ஏன் தோற்கின்றன' எனப் பொருள்படும் 'ஒய் நேஷன்ஸ் ஃபெயில்'. டேரன் அசெமோக்லு, ஜேம்ஸ் ராபின்சன் ஆகிய இருவரும் எழுதி 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவ்விருவருக்கும், இவர்களோடு பல ஆய்வுகளில் இணைந்து உழைத்த சைமன் ஜான்சனுக்கும் 2024-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. எனவே இந்நூலின் கருத்து வகுப்பறையோடு நிற்பதன்று. கடன் கொடுப்போரும் திட்டம் தீட்டுவோரும் அதன் சொற்களைக் கையாள்கின்றனர். அவர்கள் தீட்டும் திட்டங்களின் கீழ் வாழப்போகிறவர்கள் ஏழைகள். ஆதலால் இந்நூலை நாம் சற்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது தகும். நம் வினா இதுதான்: தலைவிதி என்ற எண்ணத்தை விரட்ட வந்த இந்நூல், இறுதியில் விதிமுறையையே இன்னொரு தலைவிதியாக ஆக்கிவிடுகிறதா?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 'நிறுவனம்' என்றதும் ஒரு கட்டடமும் பெயர்ப்பலகையும் நம் கண்முன் வருகின்றன. பொருளியலார் இச்சொல்லை ஆளும் பொருள் வேறு. 1993-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டக்ளஸ் நார்த், 1990-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இதை விளையாட்டோடு ஒப்பிட்டு விளக்கினார். ஆட்டத்தின் விதிகள் வேறு. ஆடும் அணிகள் வேறு. விதிகளே நிறுவனங்கள், அணிகள் வெறும் அமைப்புகள். அவ்விதிகளிலும் எழுதப்பட்டவை உண்டு. எழுதப்படாத வழக்கமும், நாணயமும், ஊர்க்கட்டுப்பாடும் உண்டு. எழுதப்பட்டதை ஒரே நாளில் மாற்றிவிடலாம். எழுதப்படாததோ தலைமுறைக் கணக்கில்தான் மாறும். நார்த் வற்புறுத்திய இந்த வேறுபாட்டை மறந்ததால் விளைந்த இடர்களைப் பின்னர்க் காண்போம்.

நூலின் வலிமை

அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே ஒரு வேலியால் பிளவுண்டு கிடக்கும் நோகலஸ் என்னும் ஊரோடு நூல் தொடங்குகிறது. இருபுறமும் ஒரே வானிலை. பெரும்பாலும் ஒரே மூதாதையரின் வழிவந்த மக்கள். எனினும் வடபுறத்தாரின் வருமானமும் நலவாழ்வும் கல்வியும் தென்புறத்தாரினும் மிக மேலானவை. வட கொரியாவும் தென் கொரியாவும் இதற்கு இன்னும் கூர்மையான சான்று. ஒரே இனம், ஒரே மொழி. ஆயினும் இரு வேறு ஆட்சிமுறைகளின் கீழ் இரு வேறு உலகங்கள். நிலமும் குருதியும் காரணமல்ல என்பதை இவை நன்கு நிறுவுகின்றன.

ஆசிரியர்கள் விதிமுறைகளை இரு வகையாகப் பிரிக்கின்றனர். பெரும்பான்மையோருக்கு உழைக்கவும், சேர்க்கவும், கேள்வி கேட்கவும் இடமளிப்பவை ஒருவகை. பலரின் உழைப்பைச் சிலர் உறிஞ்சிக்கொள்ள வழிவகுப்பவை மற்றொருவகை. உறிஞ்சும் முறைக்கு அவர்கள் காட்டும் சான்றுகளுள் பெருவும் பொலிவியாவும் சேர்ந்த மலைநாடு மறக்க முடியாதது. 1573 முதல் 1812 வரை ஸ்பானிய ஆட்சியினர், குறித்த மாவட்டங்களின் வயதுவந்த ஆடவருள் ஏழில் ஒரு பங்கினரைப் போட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கும் வாங்கவேலிக்கா பாதரசச் சுரங்கத்துக்கும் கட்டாயமாகப் பிடித்தனுப்பினர். 'மீட்டா' என்பது அக்கொடுமையின் பெயர். அந்த எல்லைக்கோட்டின் இருபுறத்துக் கிராமங்களையும் ஒப்பிட்டு மெலிசா டெல் என்னும் பொருளியலார் 2010-இல் ஆய்வு வெளியிட்டார். கட்டாயப் பணிக்கு உட்பட்டிருந்த பகுதியின் குடும்பங்கள், அது ஒழிந்து இரு நூற்றாண்டுகளான பின்னும், ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவாகவே நுகர்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. அநீதியான விதிமுறை தான் செத்த பின்னும் பிள்ளைகளின் தட்டில் கைவைக்கிறது.

ஏழை தன் சோம்பலாலும் அறியாமையாலும் ஏழையாகிறான் என்று எளிதாகத் தீர்ப்புரைப்போர் நம்மிடையேயும் இல்லாமலில்லை. அவர்களுக்கு இந்நூல் தரும் மறுமொழி உறுதியானது. இதற்காகவே இந்நூலைப் பாராட்ட நாம் கடமைப்பட்டுள்ளோம்.

கொள்கையாக மாறிய கருத்து

கருத்தாக இருந்தபோது ஒளிவீசிய இது கொள்கையாக இறங்கியபோது என்னவாயிற்று? எண்பதுகளில் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் கடனுக்கு விதித்த நிபந்தனைகள் பெரும்பாலும் விலைக் கட்டுப்பாட்டை நீக்குதல், அரசுச் செலவைக் குறைத்தல், பொதுத்துறையை விற்றல் என்ற அளவிலேயே நின்றன. ஜான் வில்லியம்சன் 1989-இல் இவற்றைப் பத்து இனங்களாகத் தொகுத்து 'வாஷிங்டன் கருத்தொற்றுமை' எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் ஆப்பிரிக்காவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் உலக வங்கி, அங்குள்ள இடர்களின் அடியில் ஆளுகை நெருக்கடி ஒன்று இருப்பதாகக் கூறியது. 1997-ஆம் ஆண்டின் உலக வளர்ச்சி அறிக்கை, அரசு என்ற ஒன்று செம்மையாக இயங்காமல் சந்தையும் இயங்காது என்பதையே பொருளாகக் கொண்டது. அதுவரை அரசைச் சுருக்கச் சொன்னவர்கள், இனி அரசைச் சீர்ப்படுத்தச் சொன்னார்கள். நல்ல திருப்பம்தான்.

ஆனால் சீர்மையை எதைக்கொண்டு அளப்பது? நாணயமும் நம்பிக்கையும் அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. படிவமும் நாட்கணக்கும் அடங்குகின்றன. 2003 முதல் உலக வங்கி ஆண்டுதோறும் வெளியிட்ட 'டூயிங் பிசினஸ்' அறிக்கை, ஒரு தொழிலைப் பதிவு செய்ய எத்தனை நாள், எத்தனை படி என்றெல்லாம் எண்ணி நாடுகளை வரிசைப்படுத்தியது. வரிசையில் மேலேறுவதே பல அரசுகளின் குறிக்கோளாயிற்று. இறுதியில் 2018, 2020 ஆகிய ஆண்டுகளின் அறிக்கைகளுக்கான புள்ளிவிவரங்களில் முறைகேடுகள் வெளிப்பட, 2021 செப்டம்பரில் உலக வங்கியே அதனைக் கைவிட்டது. பிறருடைய விதிமுறைகளுக்கு மதிப்பெண் இட்ட தேர்வாளரின் சொந்த ஏடே திருத்தப்பட்டிருந்தது. இதனினும் கசப்பான பாடம் வேறென்ன வேண்டும்?

ஏட்டில் ஒன்று, நாட்டில் ஒன்று

எழுதப்பட்ட விதி எழுதப்படாத வாழ்வின் மேல் இறங்கும்போது நிகழ்வதை அறிய கென்யாவுக்குச் செல்வோம். 1954-இல் பிரித்தானிய ஆட்சி அங்கு சுவின்னர்ட்டன் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கியது. சிதறிக்கிடந்த நிலங்களை ஒன்றுசேர்த்து, தனிநபர் பெயரில் பதிவுசெய்து பட்டா வழங்கினால் உழவன் அதை ஈடுவைத்துக் கடன் வாங்குவான், முதலிடுவான், முன்னேறுவான் என்பது அதன் கணக்கு. ஆனால் மரபு வழக்கில் ஒரே நிலத்தின் மேல் பலருக்கு உரிமை இருந்தது. மகனுக்கு உழவுரிமை, கைம்பெண்ணுக்குப் பிழைப்புரிமை, அயலாருக்கு மேய்ச்சலுரிமை. பட்டாவில் எழுத ஒரு பெயருக்கே இடம். அப்பெயர் பெரும்பாலும் குடும்பத் தலைவனான ஆணின் பெயராயிற்று. மற்றவர்களின் உரிமைகள் எழுதப்படாமையாலேயே சட்டத்தின் கண்ணுக்கு மறைந்தன. பிற்காலத்தில் மக்கள் பதிவேட்டுக்குத் தெரிவிக்காமலேயே வழக்கப்படி நிலத்தைப் பிரித்தனர், விற்றனர். ஏட்டிலிருந்த உரிமையாளர் ஒருவர். நிலத்தில் உழுதவர் இன்னொருவர். இவ்விரண்டுக்கும் நடுவே வழக்கு எழுந்தபோது, ஏட்டைப் புரட்டத் தெரிந்தவர் வென்றார்.

நேபாளத்தின் வாய்க்கால்கள் சொல்லும் செய்தி இன்னும் நுட்பமானது. 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரமும் அவருடன் உழைத்தவர்களும் அங்குள்ள பாசன அமைப்புகளை ஒப்பிட்டனர். உழவரே கல்லும் மண்ணும் மரக்கிளையும் இட்டுக் கட்டிய தலைமதகுகள் ஒருபுறம். அரசும் அயல்நாட்டு உதவியும் கட்டிய நிலையான மதகுகள் மறுபுறம். உறுதியான மதகு இருந்த இடத்தில் நீர்ப்பங்கீடு சிறந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். பல இடங்களில் நேர்மாறாக இருந்தது. மண்மதகு ஆண்டுதோறும் வெள்ளத்தில் சிதையும். அதைச் செப்பனிடத் தலைமடையாருக்குக் கடைமடையாரின் கைகள் தேவை. அத்தேவை இருக்கும் வரை கடைமடைக்கும் நீர் விட்டாக வேண்டும். நிலையான மதகு வந்ததும் அத்தேவை மறைந்தது. கடைமடையாரின் குரலும் மறைந்தது. குடிமராமத்து என்ற சொல்லின் பொருளறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. கட்டியவர்கள் கெட்ட எண்ணத்தோடு கட்டவில்லை. மதகைக் கண்டார்கள், அம்மதகின் நலிவே கடைமடை ஏழையின் வலிமையாக இருந்ததை அவர்கள் காணவில்லை.

நம் மூன்று மறுப்புகள்

நூலாசிரியர்கள் இவ்விடர்களை அறியாதவர்களல்லர். வளத்தை வெளியிலிருந்து பொறியியல் போல் கட்டியெழுப்ப முடியாது என்று கடைசி இயலில் அவர்களே எச்சரிக்கின்றனர். ஆயினும் அவர்களிடம் நமக்குள்ள மறுப்புகள் மூன்று.

முதலாவது, சான்றின் வலு பற்றியது. குடியேறிய ஐரோப்பியர் நோயால் மிகுதியாக மாண்ட நாடுகளில் உறிஞ்சும் முறையும், நலமாக வாழ்ந்த நாடுகளில் இடமளிக்கும் முறையும் வேரூன்றின என்பது இவர்கள் ஜான்சனோடு சேர்ந்து 2001-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின் அடித்தளம். அதில் இடம்பெற்ற 64 நாடுகளுள் 36 நாடுகளுக்கு வேறு நாடுகளின் இறப்பு விகிதங்களே இட்டு நிரப்பப்பட்டுள்ளன என்று டேவிட் அல்புய் என்பவர் 2012-இல் சுட்டிக்காட்டினார். ஆசிரியர்கள் மறுமொழி தந்தனர், விவாதம் முற்றுப்பெறவில்லை. இதனால் அவர்கள் கருத்து பொய்யாகிவிடாது. ஆனால் இத்தகைய அடித்தளத்தின் மேல் நின்று ஏழை நாடுகளுக்கு ஆணையிடுவோர் குரலைத் தாழ்த்திக்கொள்வது நலம்.

இரண்டாவது, சீனா. 1978-ஆம் ஆண்டின் இறுதியில் அன்ஹுயி மாநிலத்தின் சியாவோகாங் கிராமத்தில் பதினெட்டு உழவர்கள் கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்ள இரகசியமாகக் கைநாட்டிட்டனர். நிலத்தின் உடைமை மாறவில்லை, பட்டா எதுவுமில்லை. விளைச்சலில் அரசுக்குரியது போக எஞ்சியது தமக்கே என்ற உறுதி மட்டும் போதுமாயிருந்தது. அம்முறை நாடெங்கும் பரவியது. உலக வங்கியின் கணக்குப்படி நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து மீண்டனர். உறிஞ்சும் ஆட்சியின் கீழ் வளர்ச்சி நிலைக்காது என்கின்றனர் ஆசிரியர்கள். அது மெய்யாகலாம். சீன ஆட்சியின் அடக்குமுறையை நாமும் ஏற்பவர்களல்லோம். எனினும், நிறைவான விதிமுறைக்காகக் காத்திராமல் உள்ளூர் நிலைக்கேற்ற குறைவான விதிமுறையும் கோடிக்கணக்கானோரைக் கரையேற்றலாம் என்ற பாடத்தை நூல் தக்கவாறு எடுத்துரைக்கவில்லை. டேனி ரோட்ரிக் போன்றோர் நீண்டகாலமாக வற்புறுத்தி வருவது இதைத்தான்.

மூன்றாவது மறுப்பே நமக்கு முதன்மையானது. ஏழை நாட்டின் உறிஞ்சும் முறைக்கு வெளியிலும் வேர்கள் உண்டு. அடிமை வணிகத்தையும் குடியேற்ற ஆட்சியையும் பற்றி நூல் நிறையவே பேசுகிறது. விடுதலைக்குப் பின்வந்த காலத்தைப் பற்றிப் பேசுகையில் பார்வை உள்நாட்டுக் கொடுங்கோலர் மேல் குவிகிறது. கடன் கொடுத்தோர் பக்கம் அரிதாகவே திரும்புகிறது. சயீர் எனப்பட்ட காங்கோவை 1965 முதல் 1997 வரை சூறையாடிய மொபுட்டுவை எண்ணிப் பார்ப்போம். அந்நாட்டு மைய வங்கியைச் சீர்செய்ய 1978-இல் நாணய நிதியத்தின் சார்பில் சென்ற ஜெர்மானியர் எர்வின் புளூமென்டால் ஓராண்டு காலம் போராடி வெளியேறினார். கடன் கொடுத்தோருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பே இல்லை என்று 1982-இல் அறிக்கையும் எழுதினார். கடன் நின்றதா? பனிப்போரில் மொபுட்டு மேற்கின் நண்பர். ஆகையால் கடன் தொடர்ந்தது. அங்கே விதியை மீறியவர் ஏழை நாட்டவர் மட்டும்தானா? விதிமுறை கற்பிக்க வந்தவர்களின் விதிமுறையை விசாரிப்பது யார்?

போட்ஸ்வானா தரும் விடை

விதிமுறை தலைவிதியா என்ற நம் வினாவுக்கு, நூலாசிரியர்களே போற்றும் ஒரு நாட்டிலிருந்து விடை தேடுவோம். போட்ஸ்வானா 1966-இல் விடுதலை பெற்றபோது அங்கிருந்த தார்ச்சாலை 12 கிலோமீட்டர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் 22 பேர். உயர்நிலைக் கல்வி முடித்தோர் 100 பேர். கடல் இல்லை, நிலத்தின் பெரும்பகுதி கலஹாரிப் பாலை. அந்நாடு 1965-க்கும் 1998-க்கும் இடையே ஆண்டுக்குச் சராசரியாக 7.7 விழுக்காடு வளர்ந்தது.

வைரம் கிடைத்ததே காரணம் என்போம். காங்கோவிலும் சியரா லியோனிலும் வைரம் கிடைத்தது. அங்கு அது குருதியாக ஓடியது. போட்ஸ்வானாவில் நடந்தது வேறு. 1967-இல் நிலத்தடிக் கனிமத்தின் உரிமை இனக்குழுக்களிடமிருந்து சட்டத்தால் நாட்டுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில் ஒராபாவில் வைரம் கண்டறியப்பட்டது. அந்நிலம் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா பிறந்த பாங்வாட்டோ இனத்தாருடையது. தம் மக்களுக்கே உரியது என்று அவர் சொல்லியிருந்தால் தடுப்பார் அரிது. அவர் அவ்வாறு சொல்லவில்லை.

அதற்கும் முன்னே 1895-இல் காமா, பாத்தோவென், செபெலே என்னும் மூன்று தலைவர்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றனர். செசில் ரோட்ஸின் வணிகக் கழகத்திடம் தம் நாடு ஒப்படைக்கப்படுவதைத் தடுப்பதே அவர்கள் நோக்கம். லண்டன் மிஷனரிச் சங்கத்தின் துணையோடு ஊர் ஊராகச் சென்று ஆலயங்களிலும் மன்றங்களிலும் பேசி ஆங்கிலப் பொதுமக்களின் ஆதரவைத் திரட்டினர். ரோட்ஸின் கை முழுவதும் நீளாமல் நின்றது.

இவற்றுக்கெல்லாம் அடியில் 'கோட்லா' என்னும் ஊர்மன்றம் இருந்தது. தலைவன் நடுவில் அமர, குடிகள் எழுந்து அவன் முகத்துக்கெதிரே குறைகூறும் மன்று அது. மக்களாலேயே தலைவன் தலைவனாகிறான் என்பது அவர்களின் பழமொழி. விடுதலைக்குப் பின் அரசு அம்மன்றத்தை ஒழிக்கவில்லை. அமைச்சர்களும் அங்கு வந்து விளக்கம் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தியது. புதிய விதி பழைய வேரில் ஒட்டப்பட்டது.

நூலாசிரியர்கள் இவற்றையெல்லாம் நன்றாகவே எடுத்துரைக்கின்றனர். ஆனால் தங்கள் கோட்பாட்டுக்குள் அடக்கும்போது, சிறு வேறுபாடுகளும் வரலாற்றுத் திருப்பங்களும் தற்செயலாக ஒன்றுகூடியதன் விளைவு என்றாக்கி விடுகின்றனர். நற்சுழலில் சிக்கியோர் உயர்வர், தீச்சுழலில் சிக்கியோர் தாழ்வர் என்றால், ஊழ் மீண்டும் பின்வாசல் வழியே நுழைந்துவிட்டதல்லவா? கப்பலேறியது தற்செயலன்று. சொந்த இனத்தின் வைரத்தை நாட்டுக்குக் கொடுத்தது தற்செயலன்று. அவை மனிதர் செய்த தேர்வுகள். அத்தேர்வுகளைக் கண்காணிக்க ஒரு மன்றமும், அதில் பேசத் துணிந்த குடிகளும் இருந்தனர்.

போட்ஸ்வானாவைத் தெய்வமாக்கவும் வேண்டா. உலகில் ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளுள் அதுவும் ஒன்று. மத்தியக் கலஹாரியின் தொல்குடிகளான சான் மக்கள் 1997-இலும் 2002-இலும் தம் நிலத்திலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களை வெளியேற்றியது முறையன்று என 2006-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரும்பியவர்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீருக்கும் வழக்காடி, 2011-இல் மேல்முறையீட்டில்தான் உரிமை பெற்றனர். ஊர்மன்றத்தில் இடம் கிடைக்காதவனுக்கு நல்ல நிறுவனங்கள் உள்ள நாட்டிலும் தாகம்தான். ஆயினும் நீதிமன்றம் அரசுக்கெதிராகத் தீர்ப்பளித்ததும், 58 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட கட்சி 2024 அக்டோபரில் தோற்றபோது தோல்வியை ஏற்றுப் பதவி விலகியதும், அவ்விதிகள் ஏட்டோடு நிற்பவையல்ல என்பதைக் காட்டுகின்றன.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, சீர்திருத்தம் என்ற பெயரில் எந்த விதிமுறை முன்வைக்கப்பட்டாலும் அதனிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இது எந்தப் பழைய உரிமையை எழுதாமல் விட்டு அழிக்கிறது? கடைமடையில் இருப்பவனின் கை இன்றி இது இயங்குமா? இது தவறினால் யாரிடம் பதில் சொல்லும், கடன் கொடுத்தவரிடமா, குடிகளிடமா? கென்யாவில் முதல் வினா கேட்கப்படவில்லை. நேபாளத்து மதகைக் கட்டியோர் இரண்டாவதைக் கேட்கவில்லை. காங்கோவில் மூன்றாவதைக் கேட்க ஒருவருக்கும் மனமில்லை.

வறுமை தலைவிதியன்று என்று உரக்கச் சொன்ன நூலுக்கு நாம் நன்றியுடையோம். அந்நூல் படித்து முடிக்கப்படும் இடத்தில் நம் சிந்தனை தொடங்க வேண்டும். நல்ல விதிமுறை யாரோ நமக்கு இறக்கிவைக்கும் சரக்கன்று. யாருக்கு எதிராகக் குறைகூற அஞ்சுகிறோமோ அவர் முகத்தின் எதிரே எழுந்து பேசவும், பேசுகிறவனை உட்காரச் சொல்லாமல் கேட்கவும் பழகிய மக்களிடையேதான் அது உயிர்கொள்கிறது. அந்தப் பழக்கத்தைத் தடுப்பது எதுவோ, அது எத்துணை அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், ஏழையின் பார்வையில் பழைய விதியேதான்.